நாலு மாதம் காத்திருந்த எஃகு: நைட்ரஜன் அயனி உட்செலுத்தலும் உலோகச் சோர்வும்

சுழல் வளைவுச் சோதனை எந்திரம் பார்க்க எளிமையானது. விரல் நீளத்துக்கு ஓர் எஃகு உருளை, நடுவில் இடுப்பு மெலிந்தது. அதை இரு முனையிலும் பிடித்து, வளையும்படி எடை தொங்கவிட்டு, நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தடவை இழுபடும், ஒரு தடவை நசுங்கும். ஒரு கோடி சுற்று முடிய 55 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும். எடை அதிகமானால் இடையிலேயே பட்டென்று சத்தம் கேட்கும், மோட்டார் நிற்கும், சுற்றுகளை எண்ணும் கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் முறிவு முகத்தில் இரண்டு பகுதி தெரியும். ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே பரவிய வழவழப்பான பகுதி ஒன்று, கடைசியில் ஒரே இழுப்பில் பிய்ந்த சொரசொரப்பான பகுதி இன்னொன்று. வழவழப்பான பகுதியைப் பின்னோக்கித் தொடர்ந்தால் பெரும்பாலும் மேற்பரப்பில் ஒரு புள்ளியில் போய் நிற்கும். விரிசல் பிறந்த இடம் அதுதான். திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகத்தில் விரிசல் பிறந்து முறிவதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம். அதைப் பற்றிய இந்த ஆய்வு முழுக்க அந்தப் புள்ளியைச் சுற்றியே நடக்கிறது.

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1970களில் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் ஜெஃப்ரி டியர்னலியின் குழு, குறைகடத்தித் தொழிலுக்காக வளர்ந்த அயனி உட்செலுத்தலை, அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்களை வேகமாகப் பாய்ச்சி மேற்பரப்புக்குள் புகுத்தும் முறையை, உலோகங்கள் பக்கம் திருப்பியது. நைட்ரஜனைச் செலுத்தினால் எஃகுக் கருவிகளின் தேய்மானம் குறைகிறது என்று அவர்கள் காட்டினார்கள். தேய்மானம் மேற்பரப்பின் பிரச்சினை. சோர்வு விரிசலும் மேற்பரப்பில்தான் பிறக்கிறது. அப்படியானால் இதே வேலை சோர்வுக்கும் உதவுமா என்ற கேள்வி தானாக எழுந்தது.

அந்தக் கேள்வியை நேராகக் கையில் எடுத்தவர்கள் ஹெர்பர்ட் ஹெர்மன், கிளைவ் கிளேட்டன் ஆகியோரின் குழுவினர். ஸ்டோனி புரூக்கில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர்கள், அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஜேம்ஸ் ஹிர்வோனன் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். எடுத்துக்கொண்ட எஃகு அமெரிக்கத் தரப்பட்டியலில் ஏஐஎஸ்ஐ 1018 என்ற எண் கொண்டது. கார்பன் 0.15 முதல் 0.20 சதவீதம், மாங்கனீஸ் 0.60 முதல் 0.90 சதவீதம். விலை உயர்ந்த கலப்பு எதுவும் இல்லாத, எந்த லேத் பட்டறையிலும் கிடைக்கும் சாதாரண இரும்பு. எனக்கு இந்தத் தேர்வே பிடித்திருக்கிறது. கலப்புத் தனிமங்கள் குறைவு என்பதால், நைட்ரஜன் என்ன செய்கிறது என்பது குழப்பமில்லாமல் தெரியும்.

1978இல் வெளியான முடிவு எதிர்பார்த்த மாதிரி இல்லை. அயனி செலுத்திய கையோடு சோதித்த மாதிரிகளில் ஆயுள், அதாவது உடையும்வரை ஓடும் சுற்றுகளின் எண்ணிக்கை, பேசும்படி கூடவில்லை. ஆனால் செலுத்திவிட்டு அறை வெப்பத்தில் நாலு மாதம் சும்மா வைத்திருந்த மாதிரிகளிலும், 100 டிகிரி செல்சியஸில் 6 மணி நேரம் வைத்தெடுத்த மாதிரிகளிலும் ஆயுள் கணிசமாகக் கூடியது. அதே எஃகு, அதே நைட்ரஜன், அதே எந்திரம். மாறியது செலுத்திய பிறகு காத்திருந்த நேரமும் சூடும் மட்டும்தான்.

எவ்வளவு மெல்லிய அடுக்கு என்று முதலில் பார்ப்போம்

நைட்ரஜன் அணுவை 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இரும்பில் செலுத்தினால் சராசரியாக 0.1 மைக்ரான் ஆழத்தில் போய் நிற்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒற்றை அணுவாக இல்லாமல் இரட்டை அணு மூலக்கூறாகச் செலுத்தினால், மோதிய கணத்தில் அது பிளந்து ஆளுக்குப் பாதி ஆற்றலோடு போகும், ஆழமும் பாதியாகும். வழக்கமான அளவு சதுர சென்டிமீட்டருக்கு 2×10¹⁷ அணு. இரும்பில் கன சென்டிமீட்டருக்கு 8.5×10²² அணு இருக்கிறது. அந்த நைட்ரஜன் முழுவதும் 0.1 மைக்ரான் தடிப்புக்குள் அடைந்தால், அங்கே ஏறக்குறைய ஐந்து அணுவுக்கு ஒன்று நைட்ரஜன் என்று ஆகிவிடும். சாதாரண வழியில் ஃபெரைட் இரும்பில் (மென்எஃகின் பெரும்பகுதியாக இருக்கும் இரும்பின் படிக வடிவம்) கரையும் நைட்ரஜன் இதற்குப் பக்கத்தில்கூட வராது. 590 டிகிரியில்கூட எடையில் 0.1 சதவீதம்தான் கரையும். அயனிக் கற்றை கரைதிறனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அடித்து உள்ளே தள்ளிவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க: நைட்ரஜன் தரும் வாயுவில் 500 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைத்துச் செய்யும் வாயு நைட்ரைடிங், 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போகும். சிறு குண்டுகளை அடித்து மேற்பரப்பை இறுக்கும் ஷாட் பீனிங்கின் அமுக்கமும் கிட்டத்தட்ட அந்த ஆழத்துக்குத்தான். அயனி அடுக்கு அவற்றைவிட ஆயிரம் மடங்கு மெல்லியது. 1018 எஃகின் ஒரு படிகத் துகளே பத்து, இருபது மைக்ரான் இருக்கும். அதாவது மேற்பரப்பில் இருக்கும் முதல் துகளின் மேல்தோலைக்கூட இந்த அடுக்கு முழுசாகத் தாண்டுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் வளைவுத் தகைவு (வளைப்பதால் ஒவ்வொரு சதுர அளவுக்கும் வரும் விசை) மேற்பரப்பில் உச்சம், மையத்தில் பூஜ்யம். 0.1 மைக்ரான் உள்ளே போனால் தகைவு எவ்வளவு குறையும்? முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. குறையவே இல்லை என்றே சொல்லலாம். அப்படியானால் வலுவான தோலுக்கு நேர் கீழே, பலமில்லாத பழைய எஃகில் விரிசல் பிறந்துவிட வேண்டியதுதானே? தோலை மட்டும் வலுவாக்கி என்ன பயன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அயனி உட்செலுத்தலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்று நினைக்கிறேன்.

விரிசல் பிறக்க வெளி வேண்டும்

1903இல் யூயிங்கும் ஹம்ஃப்ரியும் ஸ்வீடன் இரும்பைத் திரும்பத் திரும்ப வளைத்து, அவ்வப்போது நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். முதலில் சில படிகத் துகள்களில் மட்டும் மெல்லிய கோடுகள் தோன்றின. சுற்று கூடக் கூடக் கோடுகள் அகன்று பட்டைகளாகின. கடைசியில் அந்தப் பட்டைகளில் சில விரிசலாக மாறின. உலோகம் உடைவதற்கு எவ்வளவோ முன்பே அது உள்ளுக்குள் நழுவ ஆரம்பித்துவிடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த முதல் வேலை அது.

நழுவல் என்றால் படிகத்தின் அணு அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்குவது. இடப்பிறழ்வு என்று சொல்லும் கோட்டுப் பிசகுகள் நகர்வதால் அது நடக்கிறது. சீட்டுக்கட்டை ஒரு பக்கம் தள்ளி, திரும்ப இந்தப் பக்கம் தள்ளினால் ஓரம் பழையபடி நேராக வராது. சில சீட்டு நீட்டிக்கொண்டு நிற்கும், சில உள்ளே போயிருக்கும். எஃகின் மேற்பரப்பிலும் இதுதான் நடக்கிறது. ஒரே பட்டையில் லட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் நழுவியதில் ஓரிடத்தில் நாக்கு மாதிரிப் புடைப்பு வெளியே வரும், பக்கத்தில் கூரான பள்ளம் விழும். பள்ளத்தின் அடியில் தகைவு குவியும். அங்கே விரிசல் பிறக்கும்.

கவனியுங்கள், புடைத்துக்கொண்டு வர ஒரு வெளி தேவை. உள்ளே இருக்கும் துகளுக்கு நாலு பக்கமும் அண்டைத் துகள்கள். அதனால் வெளியே பிதுங்க முடியாது. மேற்பரப்புத் துகளுக்கு மட்டும்தான் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. அயனி அடுக்கு அந்தத் திறந்த பக்கத்தை மூடுகிறது. அடுக்குக்குக் கீழே தகைவு அதேதான், எஃகு அதேதான், ஆனால் வாசல் அடைபட்டிருக்கிறது. நழுவி வரும் இடப்பிறழ்வுகள் வெளியேற வழியில்லாமல் அடுக்கின் அடியில் முட்டி நிற்கும். பின்னால் வருபவை வேறு தளங்களுக்குத் திரும்பும். ஒரே பட்டையில் குவிய வேண்டிய நழுவல் பல மெல்லிய கோடுகளாகப் பரவிவிடும். பரவிய நழுவல் ஆழமான பள்ளம் தோண்டாது. 0.1 மைக்ரான் தடிப்பு போதுமா என்றால், புடைப்புகளும் பள்ளங்களும் பிறக்கும்போது அவற்றின் அளவும் அந்த மாதிரிதான் இருக்கிறது.

இதோடு அமுக்கத் தகைவும் சேர்கிறது. திணித்த நைட்ரஜன் அடுக்கை விரியச் சொல்லும், கீழே இருக்கும் பெரிய எஃகு அதை விரிய விடாது. அதனால் தோல் அமுக்கத்தில் இருக்கும், திறக்கப் பார்க்கும் பள்ளத்தை மூடப் பார்க்கும். பலர் இதையே முதல் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அமுக்கத் தகைவு செலுத்திய உடனேயே இருக்கிறது. அது மட்டுமே காரணம் என்றால் புது மாதிரிகளே நன்றாக ஓடியிருக்க வேண்டும். நாலு மாதம் காத்திருக்க வேண்டி வந்ததே, அதற்கு வேறு காரணம் வேண்டும்.

காத்திருந்த காலத்தில் நடந்தது

ஒவ்வொரு நைட்ரஜன் அயனியும் நிற்பதற்கு முன் நூற்றுக்கணக்கான இரும்பு அணுக்களை இடம் பெயர்த்துவிட்டுத்தான் நிற்கிறது. செலுத்தி முடித்த நிலையில் அந்த அடுக்கு ஒரு கலவரம் நடந்து முடிந்த தெரு மாதிரி. காலி இடங்கள், இடைவெளிகளில் சிக்கிய அணுக்கள், எங்கெங்கோ நிற்கும் நைட்ரஜன். நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் பயன்படும் இடத்தில் இல்லை.

நைட்ரஜன் சிறிய அணு. இரும்பு அணுக்களுக்கு இடையில் உள்ள சந்துகளில் அறை வெப்பத்திலேயே மெல்ல நகரும். அது நகர வேண்டிய ஆற்றல் மோலுக்கு ஏறக்குறைய 77 கிலோஜூல். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றினால் நகரும் வேகம் ஏறக்குறைய 500 மடங்கு கூடும். 100 டிகிரியில் 6 மணி நேரம் என்பதை 500ஆல் பெருக்கினால் 3000 மணி நேரம். நாளாக்கினால் 125. ஏறக்குறைய நாலு மாதம்.

இந்தக் கணக்கு முதல் தடவை ஒத்து வந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறை வெப்பத்தில் நாலு மாதமும் 100 டிகிரியில் 6 மணியும் ஒரே விளைவைத் தருகின்றன என்றால், பின்னால் நடந்தது நைட்ரஜனின் நகர்வுதான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை. இரண்டு பாதையிலும் நைட்ரஜன் அலைந்த தூரம் ஏறக்குறைய 0.4 மைக்ரான். அடுக்கின் குறுக்கே நன்றாகவே நடமாடும் தூரம் இது.

நகர்ந்த நைட்ரஜன் இரண்டு வேலை செய்கிறது. ஒரு பகுதி இடப்பிறழ்வுகளைச் சுற்றிக் கூடி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மென்எஃகு நாள்பட்டால் இறுகுவதற்கு 1949இல் காட்ரெலும் பில்பியும் சொன்ன அதே விளக்கம். இன்னொரு பகுதி இரும்போடு சேர்ந்து மிக நுண்ணிய படிவுகளாகும். 16 இரும்பு அணுவுக்கு 2 நைட்ரஜன் என்ற அமைப்பு, 1951இல் கே. எச். ஜாக் அடையாளம் காட்டியது. 1018 மாதிரிகளை ஆராய்ந்தபோது, செலுத்தியதும் நைட்ரஜன் மார்ட்டென்சைட்டும் (நைட்ரஜன் திணிந்ததால் படிக அமைப்பு நீண்டுபோன இரும்பு), நாள்பட்ட பிறகு இந்தப் படிவுகளும் பேசப்பட்டன. பிடிபட்ட இடப்பிறழ்வும் படிவு நிறைந்த தோலும் சேர்ந்தால்தான் அந்த வாசல் உண்மையில் பூட்டப்படுகிறது.

குரோமியம், அலுமினியம், டைட்டானியம் உள்ள கலப்பு எஃகில் கதை மாறும். இவை நைட்ரஜனைக் கண்டால் விடாது, அங்கேயே பிடித்து நைட்ரைடாக்கிக்கொள்ளும். நைட்ரஜன் சுதந்திரமாக நகர முடியாத இடத்தில் நாலு மாதக் கணக்கு செல்லாது. துருப்பிடிக்காத எஃகுக்கோ கருவி எஃகுக்கோ 1018இன் முடிவை அப்படியே எடுத்துச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

எங்கே உதவாது

இந்த அடுக்கு விரிசல் பிறப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பிறந்துவிட்ட விரிசலுக்கு 0.1 மைக்ரான் ஒரு பொருட்டே இல்லை. எமரித் தாள் விட்ட ஒரு கீறலே அதைவிடப் பத்து மடங்கு ஆழம் இருக்கும். ஆகவே லேத் தடம் தெரியும் தண்டுக்கு அயனி செலுத்துவது வீண் செலவு. மெருகேற்றிய பரப்பு, குறைந்த தகைவு, நீண்ட ஆயுள், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் ஆயுளின் பெரும்பகுதி விரிசல் பிறப்பதில் கழிகிறது. அங்கேதான் லாபம். ஒவ்வொரு சுற்றிலும் எஃகு கண்கூடாக வளைந்து கொடுக்கும் அளவு சுமை ஏற்றினால், மெல்லிய தோல் சீக்கிரமே கிழிந்துவிடும்.

மிகக் கடினமான எஃகுகளில் இன்னொரு சிக்கல். அவற்றில் பத்துக் கோடி சுற்றுக்குப் பக்கத்தில் வரும் முறிவுகள் பல, மேற்பரப்பிலேயே தொடங்குவதில்லை. உள்ளே கிடக்கும் ஆக்சைடு துணுக்கு ஒன்றைச் சுற்றி விரிசல் பிறந்து வட்டமாகப் பரவும். முறிவு முகத்தில் மீன் கண் மாதிரித் தெரியும். மேல்தோலை என்ன செய்தாலும் அந்தத் துணுக்குக்குத் தெரியாது. பேரிங்குகளின் உருள் தொடுகைச் சோர்விலும் இப்படித்தான், உச்ச நழுவுத் தகைவு பத்து மைக்ரானிலிருந்து சில நூறு மைக்ரான் வரை கீழே இருக்கிறது. இருந்தும் கடற்படை ஆய்வகம் விமான எஞ்சின் பேரிங்குகளுக்கான எம்50 எஃகில் குரோமியம் செலுத்திப் பார்த்தது. காரணம் வேறு. ஓடாமல் நிற்கும் எஞ்சினில் ஈரமும் உப்பும் சேர்ந்து பேரிங் தடத்தில் அரிப்புக் குழிகளை உண்டாக்கும், அந்தக் குழியிலிருந்துதான் பிறகு செதில் பெயரும். குரோமியம் நிறைந்த தோல் குழி விழுவதைத் தடுக்கிறது. சோர்வை நேராக எதிர்க்காமல், அது தொடங்கும் புள்ளியையே இல்லாமல் செய்வது. இந்த அணுகுமுறை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

அப்புறம் கற்றையின் இயல்பே ஒரு தடை. அது நேர்கோட்டில்தான் போகும். தண்டின் தோள்பட்டை வளைவு, சாவிப் பள்ளம், மரையின் அடி, எண்ணெய்த் துளை ஆகிய இடங்களில்தான் நிஜப் பாகங்கள் முறிகின்றன. கற்றை சரியாக எட்டாத இடங்களும் அவைதான். 1987இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் கான்ராட், பாகத்தை மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவுக்குள் வைத்து உயர் மின்னழுத்தத் துடிப்பு கொடுத்து எல்லாப் பக்கமிருந்தும் அயனியை இழுக்கும் முறையை வெளியிட்டார். வெளிப்பக்க வளைவுகளுக்கு அது நல்ல தீர்வு. ஆழமான குறுகிய துளைக்கு அதுவும் போதாது.

யாராவது தண்டு முறிகிறது, அயனி செலுத்தலாமா என்று கேட்டால் முதலில் வளைவின் ஆரத்தைக் கூட்டச் சொல்வேன், பரப்பை மெருகேற்றச் சொல்வேன், ஷாட் பீனிங் பற்றிக் கேட்பேன். கடைசி அளவுக்கு வந்துவிட்ட, 500 டிகிரிக்குச் சூடேற்றினால் கோணிவிடும், ஒரு மைக்ரான்கூட மாறக்கூடாத நுட்பப் பாகம் என்றால் அப்போது அயனி உட்செலுத்தலைப் பேசலாம். வெட்டிய அளவும் மெருகும் அப்படியே நிற்பது இந்த முறையின் உண்மையான பலம்.

இதே சோதனையைத் திரும்பச் செய்பவர்களுக்கு

கற்றை மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோ ஆம்பியர் என்றால், 2×10¹⁷ அயனி சேர 53 நிமிடம் ஆகும். அது தட்டையான பரப்புக்கு. உருளையைக் கற்றைக்கு முன்னால் சுழற்றினால், விட்டத்தின் அகலத்துக்கு வரும் அயனி முழுச் சுற்றளவுக்கும் பங்காகும். அதனால் நேரம் பை மடங்கு கூடி 2 மணி 50 நிமிடத்துக்குப் பக்கத்தில் போகும். இதை மறந்து மூன்றில் ஒரு பங்கு அளவை மட்டும் செலுத்திவிட்டு, பலன் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியும். சாய்வாக விழும் அயனி ஆழமும் குறைவாகப் போகும், மேற்பரப்பை அதிகமாகச் சுரண்டவும் செய்யும்.

அதே கற்றை 100 கிலோ வோல்ட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் வெப்பத்தையும் கொட்டுகிறது. வெற்றிடத்தில் சூடு போக வழி குறைவு. பிடிமானம் சரியாகக் குளிரவில்லை என்றால் மாதிரி 100 டிகிரியைத் தாண்டிவிடும், செலுத்தும்போதே நாள்படுதல் நடந்து முடிந்துவிடும். பிறகு புது மாதிரி என்று நாம் சோதிப்பது புது மாதிரியே அல்ல. இரண்டு ஆய்வகங்களின் முடிவு ஒத்துப்போகவில்லை என்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி இந்தச் சூட்டைப் பற்றித்தான்.

ஒப்பீட்டு மாதிரிகளிலும் இதே கவனம் தேவை. 1018 எஃகில் ஏற்கெனவே கார்பனும் கொஞ்சம் நைட்ரஜனும் இருக்கின்றன. குளிர் நிலையில் இழுத்த கம்பி என்றால், அயனி செலுத்தாமலே 100 டிகிரியில் வைத்தால்கூட அது ஓரளவு இறுகும். ஆகவே எதுவும் செய்யாதது, சூடேற்றியது மட்டும், செலுத்தியது மட்டும், செலுத்திச் சூடேற்றியது என்று நாலு கூட்டம் வேண்டும். முடிந்தால் ஆர்கான் செலுத்திய ஐந்தாவது கூட்டமும். ஆர்கான் அணு அடுக்கைக் கலைக்கும், ஆனால் வேதியியல் எதுவும் செய்யாது. கலைத்ததால் வந்த பலன் எவ்வளவு, நைட்ரஜனால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க அது உதவும். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு, மூன்று மாதிரி போதாது. ஒரே தகைவில் ஓடும் ஒரே மாதிரியான உருளைகளின் ஆயுளே பத்து மடங்கு வரை வித்தியாசப்படும் துறை இது.

உடைந்த ஒவ்வொரு மாதிரியின் தொடக்கப் புள்ளியையும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். மேற்பரப்பில் தொடங்கியதையும் உள்ளே துணுக்கில் தொடங்கியதையும் ஒரே வரைபடத்தில் ஒரே புள்ளியாகக் குறித்தால் அயனி அடுக்கின் பலன் மறைந்துபோகும். அறிக்கையில் அளவு, ஆற்றல், கற்றை மின்னோட்டம், மாதிரி எட்டிய உச்ச வெப்பம் ஆகியவற்றோடு இரண்டு தேதிகளும் இருக்க வேண்டும்: அயனி செலுத்திய தேதி, எந்திரத்தில் ஏற்றிய தேதி.